சொல், குழந்தாய், சொல்!

பதினாறே வயதுப் பெண்ணொருத்தி, 1917 ஆம் ஆண்டின் இறுதியில், நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கினாள். ஆர்மீனிய இனத்தவள். அர்ஷலூயிஸ் என்பது பெயர். விடியலொளி என்பது பொருள். பெயரில்தான் விடியல்! 1915 இல் துருக்கிய ஆட்சி ஆர்மீனிய மக்களை ஊரூராகப் பெயர்த்தெடுத்துப் பாலைநிலம் நோக்கி விரட்டியபோது, பெற்றோரைப் பறிகொடுத்தாள், உடன்பிறந்தோரை இழந்தாள், அடிமையாக விற்கப்பட்டாள், தப்பினாள். ருசியப் படையின் பிடியிலிருந்த எர்சுரூம் நகரை அடைந்து, டிப்லிஸ், பெட்ரோகிராட், நார்வே என்று நாடு பல கடந்து, கடலும் கடந்து வந்து சேர்ந்தாள். அமெரிக்காவில் அண்ணன் இருக்கிறான், அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அவளுக்குத் துணை.

ஏடுகளில் விளம்பரம் வெளிவந்தது. அண்ணன் வரவில்லை, பேட்டி காண்போர் வந்தனர்!

சொல், குழந்தாய், சொல் என்றனர். சொன்னாள். ஆங்கிலம் அறியாத பெண். அவள் சொன்னதை ஒருவர் மொழிபெயர்க்க, மற்றொருவர் எழுத, அது ஏடாயிற்று. எழுதியவர் ஹென்றி கேட்ஸ் என்பார். அவரும் அவர் துணைவியாரும் அந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி காப்பாளரும் ஆயினர். அர்ஷலூயிஸ் என்ற பெயர் அமெரிக்க நாக்குக்கு வசதிப்படவில்லை. அரோரா மார்டிகனியன் என்று மாற்றினர். சூறையாடப்பட்ட ஆர்மீனியா என்ற பொருள்படும் தலைப்பில் 1918 இல் நூல் வந்தது. 1919 இல் திரைப்படமும் வந்தது. படத்தின் கதாநாயகி யார்? அவளேதான்! தன் தாயைக் கண்முன் இழந்த பெண், அந்தக் கொடுமையைக் காமிரா முன் மீண்டும் நடித்துக் காட்டினாள். வாரத்துக்கு 15 டாலர் கூலி. படம் எடுக்கப் போகிறோம் என்றபோது, நிழற்படம் எடுப்பார்கள் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

படப்பிடிப்பின் முதல் நாள். சிவப்புக் குல்லாய் அணிந்த துருக்கியர் கூட்டம் ஒன்று அவளை நோக்கி வந்தது. வேடமிட்ட நடிகர்கள் என்பதை அவள் அறியாள். ஏமாற்றிக் கொலைகாரரிடமே கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்கள் என்று நடுநடுங்கினாள். கூரைவிட்டுக் கூரை தாவும் காட்சியில் கணுக்கால் முறிந்தது. கட்டுப்போட்ட காலோடு படப்பிடிப்பு தொடர்ந்தது. படம் முடிந்தது, பயணம் தொடங்கியது. ஊர் ஊராக, மேடை மேடையாக நிறுத்தினர். சீமாட்டிகள் கண்ணீர் உகுத்தனர். சீமான்கள் காசோலை எழுதினர். 1920 இல் அந்தப் பெண் மனமும் உடலும் ஓய்ந்து விழுந்தாள். விழுந்தால் என்ன? அவளைப்போல் தோற்றமளிக்கும் ஏழு பெண்களை அமர்த்திப் பயணத்தை நடத்தினர்! கதைதான் தேவைப்பட்டது. கதைக்கு உரியவள் யாராக இருந்தால் என்ன?

அந்தப் படத்தில் ஆர்மீனியப் பெண்கள் வரிசையாகச் சிலுவைகளில் அறையப்பட்டு நிற்கும் காட்சி ஒன்று உண்டு. ஏசுவை வணங்கும் மக்கள் அதைக் கண்டால் உள்ளம் துடிப்பர் அல்லவா? துடித்தனர். ஆனால் நடந்தது அதுவன்று. முதுமையில், திரைப்பட வரலாற்றாய்வாளர் ஒருவரிடம் அவளே சொன்னாள்: சிலுவையில் அறையவில்லை, கூர்மரத்தில் ஏற்றிக் கொன்றார்கள், அதைப் படமாகக் காட்ட அமெரிக்கர்களால் முடியாது. கேட்பவர் சமயத்துக்கும் கேட்பவர் நாகரிகத்துக்கும் ஏற்றவாறு, மாண்ட பெண்களின் மரணமே மாற்றியமைக்கப்பட்டது. கண்ணால் கண்டவள் பக்கத்திலேயே இருந்தாள். அவளைக் கேட்டா மாற்றினார்கள்?

"இருக்கட்டுமே! அந்தக் கதையால் நன்மை விளையவில்லையா?" என்று கேட்பார் உண்டு. நேர்மையான கேள்வி. அந்த ஆண்டுகளில் அண்மைக் கிழக்கு நாடுகளின் துயர் துடைக்க அமெரிக்க மக்கள் அளித்த பணம் பத்துக் கோடி டாலருக்கும் மேல். 1,30,000 க்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகள் அந்த நிதியால் உண்டனர், உடுத்தனர், படித்தனர். அது ஒரு படத்தால் மட்டும் வந்த பணமன்று என்றாலும், அவளுடைய கண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. ஆயிரம் குழந்தைகளுக்குச் சோறு கிடைக்கிறது என்றால் ஒரு குழந்தையின் காயத்தைக் கிளறலாமா? கணக்குப் பார்த்து விடை சொல்லக்கூடிய கேள்வியாகத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளி விடுபட்டுவிடுகிறது: அவளிடம் யாரும் சம்மதம் பெறவில்லை. ஈகம் என்பது தானே முன்வந்து செய்வது. பிறர் பிடித்துத் தள்ளிச் செய்விப்பதற்கு நம் நாட்டில் பலி என்று பெயர். அதைக் கண்டிப்பவர்கள் நாம்.

அதே மக்களின் குழந்தைகளிடம், ஏறத்தாழ அதே காலத்தில், வேறொருவர் வேறு விதமாகக் கேட்டார். காரென் யெப்பெ என்ற டென்மார்க்கு நாட்டு அம்மையார். சர்வதேச சங்கத்தின் சார்பில் சிரியாவின் அலெப்போ நகரில், 1920களில் ஒரு மீட்பு இல்லம் நடத்தினார். கடத்தப்பட்டு, அந்நியர் வீடுகளில் அடிமைகளாகவும் மனைவியராகவும் அடைக்கப்பட்டிருந்த ஆர்மீனியப் பெண்களும் சிறுவர்களும் தப்பி வந்து சேர்ந்த இடம். ஏறத்தாழ 1,700 பேரின் குறிப்புகள் அங்கே பதிவேடுகளில் எழுதப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு நிழற்படம். பெயர், வயது, ஊர், தாய் தந்தை பெயர். நடந்தவை சில வரிகளில். அவ்வளவே. எதற்காகக் கேட்டார்கள்? உற்றார் எங்கேனும் உயிரோடிருந்தால் தேடிச் சேர்க்க. கேள்வி குழந்தையின் தேவையிலிருந்து பிறந்தது. விடையும் அந்தக் குழந்தைக்கே பயன்பட்டது. அரோராவும் அதைத்தானே தேடினாள்! அண்ணனைக் காணோம் என்று வந்தவளிடம், அண்ணனைப் பற்றியா அதிகம் கேட்டார்கள்?

கேள்வி கேட்பது நமக்குப் பழக்கமான செயல். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்கள். ஆண்டவனின் பெயரால் அதிகாரம் செலுத்துவோரைக் கேட்டோம், ஆள்வோரைக் கேட்டோம், அவர்கள் விழித்தபோது மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் தோழர்காள், அது மேல்நோக்கிச் செல்லும் கேள்வி. எதிரே இருப்பவருக்குப் பதவி இருக்கிறது, பணம் இருக்கிறது, பேச மறுத்து எழுந்து போகும் வாய்ப்பும் இருக்கிறது. அகதிக் குழந்தையை நோக்கிச் செல்லும் கேள்வி கீழ்நோக்கிச் செல்வது. அந்தக் குழந்தை எழுந்து எங்கே போகும்? இருக்க இடம் கொடுத்தவர், கஞ்சி ஊற்றியவர், நாளைக்கு அனுமதிச் சீட்டில் கையொப்பம் இடப்போகிறவர், இவர்களில் ஒருவர்தான் கேட்கிறார், அல்லது இவர்களில் ஒருவர் அழைத்து வந்தவர் கேட்கிறார். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று பெயரிடலாமா?

அப்படியானால் கேட்கவே கூடாது, குழந்தைகள் மறக்கட்டும், விளையாடட்டும் என்று விட்டுவிடலாமா? அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள். போலந்து நாட்டின் வரலாறு அவர்களுக்கு ஒரு விடை சொல்கிறது.

இட்லரின் ஆட்சியும் அவன் கூட்டாளிகளும் கொன்ற யூதக் குழந்தைகள் ஏறத்தாழ 15 இலட்சம். போர் முழுதும் முடியுமுன்பே, 1944 இல், லூப்ளின் நகரில் உயிர் தப்பிய யூதர் சிலர் கூடினர். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள் தமக்குச் சோறு தேடும் முன்னர்ச் சான்று தேடப் புறப்பட்டனர். மத்திய யூத வரலாற்றுக் குழு அதிலிருந்து வளர்ந்தது. வரலாற்றாசிரியர் பிலிப் பிரீட்மன் அதற்குத் தலைமை ஏற்றார். 7,000 க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். அவற்றுள் சில நூறு குழந்தைகளுடையவை. பெரியவர்களைக் கேட்கும் முறையில் குழந்தைகளைக் கேட்கலாகாது என்று உணர்ந்து, அதற்கென்றே 1945 இல் தனிக் கையேடு ஒன்றும் வெளியிட்டனர். குழந்தைகளின் வாக்குமூலங்களைத் தொகுத்து 1947 இல் கிராக்கோ நகரில் ஒரு நூல் வந்தது. தொகுத்தவர்கள் மரியா ஹோக்பெர்க்-மரியான்ஸ்கா, நோவே குரூஸ் என்ற இருவர். தலைப்பு: குழந்தைகள் குற்றஞ்சாட்டுகிறார்கள்!

சேரி, வதைமுகாம், பதுங்கிடம், சிறை என்று பகுத்து அடுக்கப்பட்டிருக்கின்றன அந்த வாக்குமூலங்கள். குழந்தைகள் பேசியிராவிட்டால், அலமாரிக்குப் பின்னும் தொழுவத்தின் வைக்கோலுக்கு அடியிலும் மாதக்கணக்கில் மூச்சடக்கிக் கிடந்த வாழ்வை இன்று யார் அறிவார்? பெரியவர்களைப் பற்றிய பெரியவர்களின் சாட்சியம் மட்டுமே எஞ்சியிருக்கும். குழந்தை வெறும் பரிதாபப் பொருள் அல்ல, சாட்சி என்று அந்தக் குழு மதித்தது. அது பெரும் மதிப்பு. குழந்தையைப் பாதிக்கும் செயல்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உலக நாடுகள் உடன்படிக்கையில் எழுதியது 1989 இல்தான். அதன் 12 ஆம் பிரிவு அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இடிபாடுகளுக்கிடையே, ஏழைகள் சிலர் அதைச் செய்து காட்டினர்.

அந்தத் தலைப்பைச் சற்று உற்று நோக்குங்கள். குற்றஞ்சாட்டுகிறார்கள்! அது தொகுத்தவர்களின் சொல். நியாயமான சினத்திலிருந்து பிறந்த சொல்தான். ஆனால் ஒன்பது வயதுச் சிறுமி பேச ஒப்பியபோது, குற்றஞ்சாட்டவா விரும்பியிருப்பாள்? அம்மா வருவாளா என்று கேட்கவே விரும்பியிருக்கலாம். பெரும்பாலான வாக்குமூலங்கள் பெரியவர் கையால் எழுதப்பட்டவை. குழந்தை சொன்னது ஒன்று, எழுதுகோல் தேர்ந்தெடுத்தது ஒன்று என்று இரண்டு எப்போதும் உண்டு. நல்ல நோக்கம் உடையவர்கள் எழுதினாலும் உண்டு. இதைச் சொல்வதால் அவர்கள் தொண்டின் மாண்பு குறைந்துவிடாது.

ஜெர்மனியில், டாக்கோ வதைமுகாம் இருந்த இடத்திற்கு அண்மையில், இண்டர்ஸ்டார்ப் என்ற ஊர். அங்கிருந்த மடாலயத்தில் 1945 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் துயர்துடைப்பு அமைப்பு, பெற்றோரற்ற அகதிச் சிறுவர்களுக்கென ஒரு விடுதி திறந்தது. அங்கே தொண்டாற்றியவர்களுள் கிரேட்டா பிஷர் என்ற அம்மையார் ஒருவர். முதலில் ரொட்டி, பிறகுதான் பேச்சு. கிடைத்த ரொட்டியை உண்ணாமல் ஒளித்து வைத்தனர் அந்தச் சிறுவர்கள். நாளைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை வரவேண்டும்; அது வாயால் சொல்லி வருவதன்று, நாள்தோறும் மேசைமேல் ரொட்டி இருந்து வருவது. நம்பிக்கை வந்தபின் சிறுவர்கள் பேசினர். சொன்னதையே திரும்பச் சொன்னாலும், நேரம் பாராமல், குறுக்கே பேசாமல், தொண்டர்கள் கேட்டனர். கேட்டவர் ஓடிவிடவில்லை; மறுநாள் காலையிலும் அதே விடுதியில், அதே அடுக்களையில் இருந்தார். வந்து கேட்டுவிட்டுப் போகிறவருக்கும், கேட்டபின் கூடவே இருப்பவருக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

அந்த விடுதியில் எடுத்த நிழற்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு சிறுவனும் தன் பெயர் எழுதிய பலகையை மார்போடு பிடித்து நிற்கிறான். காவல்நிலையப் படம் போலத் தோன்றும். ஆனால் உறவினர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எடுத்தவை. வதைமுகாமில் எண்ணாக இருந்தவர்கள், பெயரைக் கையில் ஏந்தி நிற்கிறார்கள்.

பெயர் சரி, வயது? இங்கேதான் அகதிச் சிறுவரின் பேட்டியில் எழும் பெரிய சிக்கல் தலைகாட்டுகிறது. ஆஷ்விட்ஸ் வாயிலில் பதின்மூன்று வயது என்று உண்மை சொன்ன சிறுவன் நச்சுவாயு அறைக்குப் போனான். பதினெட்டு என்று பொய் சொன்னவன் வேலைக்குப் போய் உயிர் பிழைத்தான். போர் முடிந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்ட 1,000 யூத அநாதைச் சிறுவரை ஏற்பதாக இங்கிலாந்து அறிவித்தது. கொலைக்களங்களில் இருந்து உயிரோடு மீண்ட குழந்தைகள் அத்தனை பேர் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் 732 பேர். பதினேழும் பதினெட்டும் நிரம்பியோர் பலர் வயதைக் குறைத்துச் சொல்லிப் போனார்கள். ஒரு வாயிலில் கூட்டிச் சொன்னால் உயிர். மறு வாயிலில் குறைத்துச் சொன்னால் வாழ்வு. இந்தச் சிறுவனைப் பார்த்து, நீ பொய்யன் என்று சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? பொய்யைக் கற்றுக் கொடுத்தது கேள்வி கேட்டவர் கையிலிருந்த அதிகாரம்.

இந்தக் கதை 1945 உடன் முடிந்துவிடவில்லை. ஆப்கானிஸ்தானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் தனியே நடந்து ஐரோப்பா சேர்ந்த சிறுவர்களிடம், இந்த நூற்றாண்டிலும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது: உன் வயது என்ன? நீ சொல்வதை நான் ஏன் நம்பவேண்டும்? பல நாடுகளில் கைமணிக்கட்டையும் பல்லையும் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு, வயதை ஆண்டுக்கணக்கில் பிழையோடுதான் சொல்லும் என்று மருத்துவர்கள் எடுத்துரைத்த பின்னரும் எடுத்தார்கள்.

அதிகாரிகளிடம் ஓர் அளவுகோல் உண்டு. முதல் பேட்டியில் சொன்னதும் இரண்டாம் பேட்டியில் சொன்னதும் ஒத்திருந்தால் உண்மை, முரண்பட்டால் பொய். கேட்பதற்கு அறிவுக்கு உகந்ததாகவே தோன்றும். ஆனால் அறிவியல் அதை ஆய்ந்து பார்த்தது. ஜேன் ஹெர்லிஹி என்ற உளவியலாளரும் அவருடைய தோழர்களும், பிரிட்டனில் தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றுவிட்ட கொசோவோ, போஸ்னிய அகதிகள் 39 பேரை இருமுறை பேட்டி கண்டு, 2002 இல் முடிவை வெளியிட்டனர். அனுமதி கிடைத்துவிட்டது; பொய் சொல்லி அடைய வேண்டியது எதுவும் இல்லை. எனினும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரு கூற்றுக்களும் அனைவரிடமும் எங்கேனும் ஓரிடத்தில் முரண்பட்டன. நிகழ்ச்சியின் நடுப்பகுதியைவிட ஓரங்களில் முரண் மிகுதி. கொடுமையின் பாதிப்பு மிகுந்தவர்களிடம், இரு பேட்டிகளுக்கும் இடைவெளி நீள நீள முரண்பாடும் கூடியது. இவர்கள் முதிர்ந்தவர்கள். நாள் எது, கிழமை எது என்று குறிப்பு வைத்துக்கொண்டா ஒரு குழந்தை எல்லையைக் கடக்கிறது? மிக அதிகமாகத் துன்புற்றவனே மிக எளிதில் பொய்யனாகத் தோன்றுவான் என்பதைத்தான் அந்த ஆய்வு நமக்கு உணர்த்துகிறது. இதைப் படித்தபின்னும் பழைய அளவுகோலைக் கைவிடாதவர்களை, பகுத்தறிவாளர் என்று நம்மால் அழைக்க முடியாது. படிவம் நிரப்புவோர் என்று வேண்டுமானால் அழைக்கலாம்.

கேட்போரில் இன்னொரு வகையினர் உண்டு: அறிவைத் தேடுவோர். அவர்களுள் மறக்க முடியாதவர் டேவிட் போடர். லாத்வியாவில் பிறந்து, மெக்சிகோ வழியாக அமெரிக்கா சேர்ந்து, சிகாகோ நகரில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1946 இல், அறுபதை எட்டும் வயதில், கம்பிச் சுருளில் ஒலியைப் பதியும் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு ஐரோப்பா போனார். பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி நாடுகளில் ஒன்பது வாரங்கள் சுற்றினார். ஏறத்தாழ 130 பேட்டிகள். 200 கம்பிச் சுருள்கள். பேசியவர்களுள் இளைஞர் பலர். பெற்றோரை இழந்த சிறுவரும் உண்டு. தம் முகக்குறிப்பு பேசுபவரைப் பாதிக்கலாகாது என்று, தம்மைக் காணாத வண்ணம் அவர்களை அமரச் செய்தார். எழுதுகோலின் தேர்வு இல்லை. குரல் அப்படியே பதிந்தது. விம்மலும் பதிந்தது, மௌனமும் பதிந்தது.

குறையற்றவரா போடர்? இல்லை. குறுக்கிட்டார், நம்ப இயலாமல் மீண்டும் மீண்டும் கேட்டார், துயரை வகைப்படுத்தி அளக்க ஒரு பட்டியலும் வகுத்தார். ஆனால் முகாம்களின் வழக்கமும் சொற்களும் தமக்குத் தெரியாது என்பதை மறைக்கவில்லை. அமெரிக்காவில் நாங்கள் மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறோம், நீங்கள்தான் சொல்லித் தரவேண்டும் என்ற நிலையில் நின்று கேட்டார். கேட்பவர் மாணவர், சொல்பவர் ஆசிரியர்! இன்னொன்றும் செய்தார். விடுதிகளில் அவர்கள் கூடிப் பாடிய பாடல்களைப் பதிந்து, அங்கேயே அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். தம் குரலைத் தாமே கேட்டு வியந்தனர் அவர்கள். அவர்களிடம் எடுத்ததில் ஒரு சிறு பகுதியேனும் அப்பொழுதே அவர்கள் காதுக்குத் திரும்பியது. 1949 இல் எட்டுப் பேட்டிகளை மட்டும் நூலாக்கினார். இறந்தோரை நான் பேட்டி காணவில்லை என்பது அதன் தலைப்பு. பெருங்கொடுமைக்கு ஆளானவர்கள் பேச வரவில்லை, வரமுடியாது என்பதை அட்டையிலேயே எழுதிய அடக்கம் அது. எஞ்சியவற்றை ஆண்டுக்கணக்கில் உழைத்து மொழிபெயர்த்தார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை; 1961 இல் மறைந்தார். அந்தக் குரல்களை மக்கள் மீண்டும் கேட்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

சரி, பேசுவது நல்லதா கெட்டதா? மனத்திலுள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. நம்பிக்கை என்று வந்தபிறகு சோதிக்காமல் ஏற்பது நம் வழக்கமன்று. விபத்து முதலியவற்றில் சிக்கியவர்களை உடனே ஒரே ஒருமுறை அமர்த்தி, நடந்தது முழுவதையும் சொல்லச் செய்யும் முறையை ஆய்ந்த தொகுப்பாய்வு ஒன்று 2002 இல் வெளிவந்தது. பின்னாளைய மனநோயை அது தடுக்கவில்லை. சிலருக்குக் கேடும் செய்திருக்கலாம் என்பது முடிவு. நார்வே நாட்டில் போஸ்னிய அகதிக் குடும்பங்களிடம், பேட்டி கொடுத்த அனுபவம் எப்படி இருந்தது என்பதையே கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2000 இல் வந்தது. பெரியவர்களும் குழந்தைகளில் பெரும்பாலோரும் நன்றாக இருந்தது என்றனர். குழந்தைகள் சிலருக்கு மட்டும் கடினமாக இருந்தது. ஆக, கேட்டாலே குழந்தை உடைந்துவிடும் என்பதும் மூடநம்பிக்கை. கேட்டாலே குணமாகிவிடும் என்பதும் மூடநம்பிக்கை.

நம்மவரைப் பற்றிய சான்றே ஒன்று உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் ஒருசேரக் கண்ட தமிழ்க் குழந்தைகள் 31 பேருக்கு முகாம்களிலேயே இருவகைச் சிகிச்சை அளித்துப் பார்த்தனர். ஒரு பகுதியினர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரோடு ஆறு முறை அமர்ந்து, தம் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மறு பகுதியினர் எதையும் சொல்லவில்லை. தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். (தியானம் என்றதும் தோழர்கள் புருவம் நெரிக்க வேண்டாம், மூச்சையும் உடலையும் அமைதிப்படுத்தும் பயிற்சிதான்.) ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சொன்னவர்களில் 81 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர், சொல்லாதவர்களில் 71 விழுக்காட்டினர். சிறிய ஆய்வு, பெரிய முடிவுகளை அதன் தலையில் ஏற்றக்கூடாது. ஆனால் இரண்டு செய்திகள் தெளிவு. பொறுமையாக, ஆறு அமர்வுகளில், தம் மொழி பேசும் ஒருவர் கேட்டதால் குழந்தைகள் கெட்டுப்போகவில்லை. வாய் திறவாத குழந்தைகளும் பெரும்பாலும் தேறினார்கள். சொன்னால்தான் உனக்கு நல்லது என்று ஒரு குழந்தையை வற்புறுத்த, இதன்பிறகு எவருக்கும் அறிவியலின் துணை கிடைக்காது.

தமிழ்நாட்டில் இந்தச் செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்திறங்கத் தொடங்கிய ஈழத்தமிழர், பல அலைகளாக, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மண்டபம் முகாமில் அவர்களை எதிர்கொண்ட முதல் கேள்வி காவல்துறையின் கேள்வி. பெயரும் ஊரும் வந்த வழியும் சொல்லித்தான் உள்ளே நுழைய முடிந்தது. அந்த முதல் பேட்டியின் நிழல் அதன்பின் வந்த எல்லாப் பேட்டிகள்மீதும் விழுந்தது. குறிப்பேடு ஏந்தி வருகிறவர் மாணவரா, இதழாளரா, அதிகாரியா என்பது முகாமில் வளரும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? எல்லார் கையிலும் எழுதுகோல் ஒன்றே! 2021 இல் தமிழக அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. பெயர்ப்பலகையிலிருந்து அகதி என்ற சொல் போயிற்று. வருகிறவர்களின் கேள்வியிலிருந்து போயிற்றா? கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து, கடலுக்கு அப்பாலுள்ள ஊரைக் கண்ணாலும் காணாத பிள்ளையிடம், போரைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் அது என்ன சொல்லும்? பாட்டி சொன்னதைத் தன் கதையாகச் சொல்லும். வந்தவர் மனம் குளிரும். அந்தப் பிள்ளை உண்மையில் பேச விரும்புவது, கல்லூரியில் இடம் கிடைக்குமா, படித்தபின் வேலை கிடைக்குமா, இந்த நாட்டுக் குடிமகன் என்ற சீட்டு கிடைக்குமா என்பதாக இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளக் குறிப்பேட்டில் பக்கம் இருக்க வேண்டுமே!

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகத்தான் வேண்டும், கேட்கத்தான் வேண்டும், எழுதப்படாத துயருக்கு நீதிமன்றம் இல்லை. போகிற தோழர் முதல் நாளே குறிப்பேட்டைத் திறக்க வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறேன், எங்கே அச்சாகும், யார் படிப்பார்கள் என்பதைக் குழந்தைக்குப் புரியும் தமிழில் சொல்லட்டும். தாயிடமோ பாட்டியிடமோ கேட்டுவிட்டு, குழந்தையிடமும் தனியாகக் கேட்கட்டும். இதனால் உனக்கு வீடோ பணமோ வராது என்பதையும் கூச்சமின்றிச் சொல்லட்டும். பொய்யான நம்பிக்கையில் பெற்ற கதை திருடிய கதைக்குச் சமம். பெயரையும் ஊரையும் மாற்றட்டும். எதிரியின் கண்ணும் அந்த ஏட்டைப் படிக்கும். எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளைக்கே படித்துக் காட்டட்டும். இந்த வரி வேண்டாம் அண்ணா என்று அது ஒரு வரியைச் சுட்டினால், எவ்வளவு உருக்கமான வரியானாலும், அதன் கண்முன்னே அடித்துவிடட்டும்.